இரவு பத்து மணிக்குப் பிறகு: எங்கள் தெருவுக்கு எந்தக் காவல்?

கடந்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்னிரவு இரண்டு இருபதுக்கு, எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீட்டுப் பின்கதவை உடைத்தார்கள். அவரும் கணவரும் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போலீஸை அழைத்தார்கள். ஒரே ஒரு வண்டிதான் ஓட்டத்தில் இருக்கிறது, அதுவும் வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது காலை ஆறே முக்கால். திருடர்கள் அதற்குள் தொலைக்காட்சியையும் இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளையும் எடுத்துக்கொண்டு, அடுப்பில் மூடி வைத்திருந்த ஆட்டுக்கறிக் குழம்பையும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். விளக்கு போனதைவிடக் குழம்பு போனதைத்தான் அந்த அம்மா அதிகம் சொல்லிச் சொல்லி அழுதார். ஒருவர் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் தெருவில் 64 வீடுகள், நுழைவாயில்கள் இரண்டு. வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தெருவுக்குக் கேட் போடுவோம். ஆயுதம் தாங்கிய தனியார் காவல் நிறுவனத்தை அமர்த்துவோம். நாமே ரோந்து போவோம். கேமரா வைப்போம். கடைசி வரிசையில் இருந்து ஒருவர், ஆளுக்கொரு துப்பாக்கி வாங்குவோம் என்றார். எல்லாவற்றையும் அலசி எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தவருக்கு எழுதுவது சுலபம்தானே என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. அவர்களுக்கான ஆங்கிலப் பிரதியை என் பேரன் எழுதுகிறான். இது தமிழ் தெரிந்த மீதிப் பேருக்கும், வேறு ஊரில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும்.

முதலில் போலீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லை என்றவுடன் எங்கள் ஸ்டேஷன் மட்டும்தான் சோம்பேறி ஸ்டேஷன் என்று கூட்டத்தில் சிலர் நினைக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவில் 5.18 கோடிப் பேர். 2022-இல் 6.2 கோடி. அந்த ஒரு கோடிப் பேர் கூடிய காலத்தில் தேசியக் காவல்துறையின் ஆள்பலம் கூடவில்லை. 2 லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, 1.8 லட்சத்தின் பக்கம் இறங்கிவிட்டது. 2024-25-இல் மட்டும் நாட்டில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அப்படியிருக்க, ஆள் சாகாத ஒரு வீட்டுத் திருட்டு வரிசையில் எந்த இடத்தில் நிற்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இருக்கிற போலீஸாவது சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. கேப்டவுன் பக்கத்துச் சேரிவாசிகளுக்காக ஒரு சமூக நீதி அமைப்பு வழக்குப் போட்டது. மேற்குக் கேப் மாகாணத்தில் போலீஸ் ஆள் ஒதுக்கும் முறை கறுப்பின மக்களுக்கும் ஏழைகளுக்கும் எதிரான பாகுபாடு என்று சமத்துவ நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடும்போது, அங்கே பதிவான குற்றங்களின் எண்ணிக்கையும் பார்க்கப்படுகிறது. ‘போலீஸ் வந்தா கிழிக்கப் போகிறார்கள்’ என்று புகார் கொடுக்காமல் விட்ட ஒவ்வொரு திருட்டும், ‘இங்கே அமைதி நிலவுகிறது’ என்று தாளில் ஏறுகிறது. எங்கள் தெருவில் கடந்த ஆண்டு நடந்த திருட்டுகளில் எத்தனைக்குக் கேஸ் நம்பர் வாங்கினோம் என்று கூட்டத்தில் கேட்டேன். காப்பீடு வைத்திருந்தவர்கள் மட்டும் கை தூக்கினார்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்கும் என்பதற்காக வாங்கியவர்கள் அவர்கள்.

இனி யோசனைகளுக்கு வருகிறேன். துப்பாக்கியை முதலில் தள்ளிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரு எடுக்கும் முடிவே அல்ல. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பியவர், தகுதிச் சான்றிதழ் பெற்று, தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். அது அவரவர் விருப்பம். ஆனால் திருடன் முதலில் தேடுவதும் அதைத்தான். வெளியே திருட்டுத் துப்பாக்கி எப்படி வருகிறது என்று கேட்பவர்கள், பறிமுதல் செய்து அழிக்க வேண்டிய துப்பாக்கிகளைக் கும்பல்களுக்கு விற்ற முன்னாள் போலீஸ் கர்னல் ஒருவர் 2016-இல் 18 ஆண்டுச் சிறை பெற்றதை நினைத்துப் பார்க்கலாம். நம் அலமாரியிலிருந்தும் ஒன்று போய்ச் சேர வேண்டாம். தவிர, ஓடுகிறவன் முதுகில் சுட்டவர், யார் வீடு உடைபட்டது என்பது மறந்துபோய்க் கொலை வழக்கில் நிற்க வேண்டிவரும்.

கேட் யோசனைக்குக் கூட்டத்தில் கைத்தட்டல் அதிகம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்பதால் இருக்கலாம். ஆனால் எங்கள் தெரு பொதுத் தெரு. மாநகராட்சி அனுமதி இல்லாமல் மறிக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும், நடந்து வருகிறவரைக் காவலாளி உள்ளே விட மறுக்க முடியாது. சரி, அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கேட்டில் பகலும் இரவும் ஒரு ஆள் நின்றால் மாதம் 720 மணி நேரம். 2025 மார்ச்சில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. பெருக்கினால் 20,700 ராண்டுக்கு மேல். இரண்டு கேட்டுக்கு 41,400 ராண்டைத் தாண்டும். 64 வீடும் தவறாமல் கொடுத்தால் வீட்டுக்கு 648 ராண்ட். எங்கள் தெருவில் 19 வீடுகள் முதியோர் உதவித்தொகையை நம்பி இருப்பவை. அந்தத் தொகை 2025-இல் மாதம் சுமார் 2,300 ராண்டாக இருந்தது. அவர்களை விட்டுவிட்டால் மற்ற வீடுகளுக்கு 921 ராண்ட் ஆகிறது. இது வெறும் கூலிதான். நிறுவனத்தின் லாபம், வரி, காவலாளி நிற்கும் கொட்டகை, அவருக்கு ஒரு கழிப்பறை எதுவும் இதில் சேரவில்லை. கழிப்பறையைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் நினைக்கவே இல்லை.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. காலை நாலரைக்கு எங்கள் தெரு வழியாக நடப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளத்தில் உள்ள தகரக் குடிசைகளிலிருந்து ஏறி வந்து, எங்கள் தெருவைக் கடந்து மினிபஸ் டாக்ஸி பிடிக்கப் போகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்கள். அவர்களுக்கு இருக்கும் குறுக்கு வழி இது ஒன்றுதான். அந்தக் குடிசைகளில் நடக்கிற திருட்டுக்கும் அடிதடிக்கும் போலீஸ் எங்களுக்கு வருவதைவிடத் தாமதமாகத்தான் வருகிறது. கேட்டில் நிற்கும் காவலாளி தினமும் அந்தப் பெண்களிடம் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பார். எங்களை அப்படி யாரும் கேட்கப் போவதில்லை. சாட்ஸ்வொர்த்தே வெள்ளையர் ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்திய வம்சாவளியினரான நம்மைக் கொண்டுவந்து போட்ட இடம். நம் தாத்தாக்களை ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினார்கள். இன்று அதே கோட்டை நாம் சொந்தக் காசில் இரும்பில் கட்டப் பார்க்கிறோம்.

ஆயுதக் காவல் நிறுவனத்துக்கு வருகிறேன். இங்கே நியாயமான ஒரு பக்கம் இருக்கிறது. நாட்டில் பதிவு பெற்று வேலை செய்யும் தனியார் காவலாளிகள் 5 லட்சத்துக்கும் அதிகம். போலீஸ் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டில் வைத்திருக்கும் அபாயப் பொத்தானை அழுத்தினால் அவர்களுடைய பக்கி, அதாவது பின்புறம் திறந்த சிறு வண்டி, வந்து நிற்கிறது. அந்த மே மாத இரவில் நர்ஸ் அம்மாவிடம் அப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் குழம்பாவது மிஞ்சியிருக்கும். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். தனித்தனியாகச் சேர்ந்தால் வீட்டுக்கு மாதம் 400 முதல் 600 ராண்ட் வரை. 40 வீடுகள் ஒன்றாகச் சேர்ந்தால் 300-க்குக் கீழே இறங்குகிறார்கள்.

ஆனால் விளம்பரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. மூன்று நிறுவனத்தாரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, இரவு இரண்டு மணிக்கு இந்த வட்டாரத்தில் உங்கள் வண்டி எத்தனை ஓடும், அதை நம்பி எத்தனை வீடு இருக்கிறது என்பது. ஒருவர் மட்டும் நேராகப் பதில் சொன்னார். மற்ற இருவரும் பேச்சைக் கேமராவுக்குத் திருப்பினார்கள். அடுத்து, நிறுவனமும் வரும் ஆளும் 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஒப்பந்தம் 36 மாதம் என்று ஒருவர் தாளை நீட்டினார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபரோடு போடும் ஒப்பந்தம் பொதுவாக 24 மாதத்தைத் தாண்டக் கூடாது, இடையிலும் 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். அதைச் சொன்னதும் அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்கூட்டி விலகினால் நியாயமான ஒரு தொகை கேட்பார்கள். அதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வருகிறவர் என்ன செய்ய முடியும் என்பதுதான் பெரிய விஷயம். குற்றம் நடக்கும்போது பிடித்து வைக்கலாம். அந்த அதிகாரம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே அதிகாரம்தான். பிடித்தவனைப் போலீஸிடம் கொடுக்க வேண்டும். கேஸ் கோப்பு திறக்க முடியாது, கைரேகை எடுக்க முடியாது, வீட்டைச் சோதனை போட முடியாது, அடித்து விசாரிக்கவும் உரிமை இல்லை. முதல் பத்து நிமிடத்தை அவரிடம் விலைக்கு வாங்கலாம். பதினோராவது நிமிடத்திலிருந்து வழக்கு தீர்ப்பாகும் நாள் வரை மறுபடியும் அதே ஸ்டேஷன், அதே ஒற்றை வண்டி. இது தனியார் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, கேட்டுக்கும் கேமராவுக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தும். அதனால், போலீஸை நம் தெருவிலிருந்து இன்னும் தூரத் தள்ளுவது எது, கொஞ்சமாவது கிட்டத்தில் இழுப்பது எது என்று பார்த்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நுழைவாயிலிலும் வண்டி எண் தெரியும்படி ஒவ்வொன்று இருந்தால் பிறகு விசாரணைக்கு உதவும். 2023-இல் மின்வெட்டு நேரங்களில் எத்தனை அலாரங்கள் மின்கலம் தீர்ந்து ஊமையாயின என்பதை மறக்காமல், மாற்று மின்கலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். படத்தைப் போலீஸிடம் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ‘இவன்தான் திருடன், பரப்புங்கள்’ என்று போடக்கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன மாதம் எங்கள் குழுவில் அப்படிச் சுற்றிய படம், கடைசியில் பக்கத்துத் தெருவுக்குக் குழாய் ரிப்பேருக்கு வந்த பையனுடையது.

ரோந்துக்கு வரும்போது, வயதானவன் பயப்படுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, 2021 ஜூலையைப் பேசியே ஆக வேண்டும். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஸூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து நம் மாகாணமான குவாசுலு-நட்டாலிலும், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்திலும் கடைகள் சூறையாடப்பட்டன. 350-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். போலீஸ் பல இடங்களில் கண்ணிலேயே படவில்லை. அரசு அமைத்த நிபுணர் குழுவும் 2022 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் போலீஸும் உளவுத்துறையும் தவறியதைச் சொன்னது. டர்பனுக்கு வடக்கே, நம்மைப்போல் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மக்கள் தெருத்தெருவாகத் தடுப்புப் போட்டார்கள். பயம் உண்மையானது. அங்கே இருந்த என் தங்கை மூன்று இரவு தூங்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்புகளில் நடந்தது வெறும் காவல் அல்ல. ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். அதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. காந்தி 1904-இல் ஆசிரமம் போட்ட மண்ணுக்குப் பக்கத்திலேயே இது நடந்தது. சம்பளம் வாங்காத, பதிவில்லாத, கேள்வி கேட்பார் இல்லாத ரோந்து வாட்ஸ்அப் வதந்தியால் ஒரே இரவில் என்னவாக மாறும் என்பதை நாம் தூரத்திலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் ரோந்தே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் போலீஸ் ஸ்டேஷனின் சமூகக் காவல் மன்றத்தின் கீழ் மட்டும். 1995-ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டமே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இந்த மன்றத்தை வகுத்திருக்கிறது. ஸ்டேஷன் அதிகாரி அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ரோந்து போகிறவர்களின் பெயர் மன்றத்தில் இருக்கும். ஒளிரும் மேலங்கி உண்டு, கையில் ஆயுதம் கிடையாது. எதையாவது பார்த்தால் அழைப்பது மட்டும்தான் வேலை, மறித்து விசாரிப்பது அல்ல. பள்ளத்துக் குடிசைப் பகுதியும் அதே ஸ்டேஷன் எல்லைக்குள் இருப்பதால், அவர்களுடைய ஆட்களும் அதே மன்றத்தில் உட்காருவார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன். நாலரை மணிக்கு ஏறி வரும் பெண்களில் இருவர், வாரம் ஒருமுறை நம் ரோந்தோடு மேட்டு வளைவு வரை வந்தால் போதும். வளைவில் விளக்கு எரியாத இடத்தில் ஃபோன் பறிபோவது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. ஸூலு மொழியில் ‘சாவுபோனா’ (வணக்கம்) என்று முகம் பார்த்துச் சொல்லிப் பழகியவரை இருட்டில் பார்த்தாலும் கை நடுங்காது.

இதன் குறையும் சின்னது அல்ல. ஆள் இல்லை. பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். இரவு பத்து முதல் இரண்டு வரை நான்கு பேர், இரண்டு முதல் ஐந்து வரை நான்கு பேர் என்றால், வாரம் முழுவதற்கும் 56 முறை ஆள் வேண்டும். ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டரை இரவு தூக்கத்தை விட வேண்டும். இரண்டாவது மாதமே கலைந்துவிடும். மூன்று இரவு மட்டும் போனால் 24 முறை, ஆளுக்கு வாரம் ஒருமுறைக்குச் சற்று அதிகம். ஆடிக் கூழ் காய்ச்ச விடியற்காலை மூன்று மணிக்கு நம் தெருவில் எத்தனை பேர் எழுந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது ஆண்டுக்கு ஒருமுறை, அம்மனுக்குப் பயந்து வருகிறார்கள். வாரம் ஒருமுறை வருவார்களா என்பது வேறு. எந்த மூன்று இரவு என்பதையும் வாரத்துக்கு வாரம் மாற்ற வேண்டும். திருடனுக்கு நம் அட்டவணை தெரிந்துவிட்டால் மற்ற நான்கு இரவும் அவனுக்குத் திருவிழா.

போலீஸையே நம்ப முடியாதபோது போலீஸோடு சேர்ந்த மன்றம் எதற்கு என்று ஓர் அண்ணன் கேட்டார். கேள்வி நியாயமானது. 2025 ஜூலை 6 அன்று நம் மாகாணக் காவல் ஆணையர் ந்ஹ்லான்ஹ்லா ம்க்வனாசியே சீருடையில் உட்கார்ந்து, குற்றக் கும்பல்கள் போலீஸுக்கும் அரசியலுக்கும் உள்ளே வரை புகுந்திருப்பதாகக் குற்றம்சாட்டினார். போலீஸ் அமைச்சர் விடுப்பில் அனுப்பப்பட்டார், மத்லங்கா விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வேலி பயிரை மேய்கிறதா என்று மேலே விசாரிக்கட்டும். எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. மாதாமாதம் ஸ்டேஷன் அதிகாரி நம் எதிரே உட்கார்ந்து, போன மாதம் இத்தனை அழைப்பு வந்தது, இத்தனை வண்டி கராஜில் கிடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை எழுதி மாகாண அரசுக்கு அனுப்ப வேண்டும். தனியாக ஒருவர் போய்க் கேட்டால் கவுண்டரோடு திரும்புகிறார். மன்றத்தின் பெயரால் கேட்டால் பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது.

என் சிபாரிசு இது. மன்றத்தின் கீழ் மூன்று இரவு ரோந்து. அதோடு, 40 வீடுகள் சேர்ந்து ஆயுதக் காவல் நிறுவனத்தோடு 24 மாதத்துக்கு மிகாத ஒப்பந்தம். நேராகப் பதில் சொன்ன அந்த நிறுவனத்தை எடுக்கலாம். வண்டி எண்ணிக்கையை எழுத்தில் வாங்கிய பிறகு. உதவித்தொகை வீடுகள் 19-இல் தனியாக இருக்கும் ஏழு வீடுகளுக்கு மட்டும் பொத்தானைத் தெரு நிதியிலிருந்து கொடுக்கலாம். அந்தச் செலவைப் பகிர்ந்தால் சேருகிற 40 வீடுகளுக்கும் மாதம் தலா சுமார் 50 ராண்ட் கூடும். கேமரா அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். கேட் வேண்டாம். திருட்டு எதுவானாலும், சைக்கிள் போனாலும், கேஸ் நம்பர் வாங்கியே தீர வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதலாம். பொத்தான் வேண்டும், ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்க மாட்டேன் என்பவர்களை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வீட்டிலேயே ஒருவரை அனுப்பிப் பேச வேண்டியதுதான்.

மன்றத்தின் அடுத்த கூட்டம் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு. தெருவிலிருந்து இரண்டு பேர் போக வேண்டும். நர்ஸ் அம்மா தன் பெயரைக் கொடுத்துவிட்டார். இன்னொரு இடம் இன்னும் காலியாக இருக்கிறது. எனக்கு அன்று முழங்கால் மருத்துவரிடம் நேரம் குறித்திருக்கிறது, நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். ரோந்தில் பத்து முதல் இரண்டு வரை என் பெயரைப் போட்டிருக்கிறேன், ஆனால் என் வேகத்தில்தான் நடப்பேன். இரண்டு முதல் ஐந்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இன்றுவரை மூன்றே பேர்.